உதடு பார்க்கிற வீடு

முதலில் கைவிட்டது முடிச்சுதான். தறியில் இழை அறுந்தால் என் வீட்டுக்காரர் முனிரத்தினம் அதை இரண்டு விரலால் ஒரு உருட்டு உருட்டுவார், முடிச்சு விழுந்துவிடும். கண்ணால் பார்க்கக்கூட மாட்டார். அன்று காலை முடிச்சு போடப் போட அவிழ்ந்தது. "நூலு சரியில்ல சகு, இத வாங்கினவன ஒதைக்கணும்" என்று நூலைத் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அந்த நூலை வாங்கி வந்ததே அவர்தான்.

மறுநாள் டீக்கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொன்று வழியில் கழன்று விழுந்தது அவர் காலுக்குத் தெரியவில்லை. வீட்டில் எல்லாரும் சிரித்தோம், அவரும்தான் சிரித்தார். அதற்கு அடுத்த நாள் கக்கூஸில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கி வந்து ஆட்டோவில் உட்கார வைத்தோம்.

எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டை. வீட்டின் முன்பக்கம் நான்கு விசைத்தறி, பின்பக்கம் நாங்கள். லுங்கி ஓட்டுகிறோம். தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது. அதனால் தறி வீடுகளில் யாரும் கத்திப் பேச மாட்டோம். குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைப்போம், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். சோறு ஆகிவிட்டது, கடன்காரன் வருகிறான், இழை போகிறது பார், எல்லாம் உதட்டில்தான். வெளியாட்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது அவர்களைப் பற்றியே அவர்கள் முன்னால் இப்படிப் பேசுவதும் உண்டு. நல்ல பழக்கம் இல்லைதான், ஆனால் வசதியான பழக்கம்.

ஆட்டோ கிளம்பும்போது அவருடைய அம்மா, என் மாமியார் ராஜம்மா, தறிக்குப் பக்கத்தில் வாசற்படியில் நின்றிருந்தார். சத்தமில்லாமல் உதட்டால் "பயப்படாத நைனா, சீக்கிரம் வா" என்றார். இவரும் உதட்டாலேயே "ஆங்" என்றார். தாயும் பிள்ளையும் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

திருத்தணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் ஒரு பெண், என் தங்கை வயது இருக்கும். கால் முட்டியைச் சுத்தியால் தட்டிப் பார்த்தார், கால் அசையவில்லை. "ரெண்டு மூணு வாரம் முன்னாடி பேதி ஆச்சா?" என்று கேட்டார். ஆகியிருந்தது. அந்தப் பேதிக்கும் இந்தக் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் மனசுக்குள் நொந்துகொண்டேன். சம்பந்தம் இருந்தது. ஜி.பி.எஸ். என்றார் (பேதி, காய்ச்சலை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வழி தவறித் தன் நரம்புகளையே தாக்குவது).

"கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும்மா. மூச்சு விடற தசை வரைக்கும் ஏறினா மிஷின் வைக்கணும். பல பேருக்கு மெதுவா சரியாகும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. மூளைக்கு ஒண்ணும் ஆகாது. அசைய முடியாம படுத்திருப்பார், ஆனா எல்லாம் அவருக்குத் தெரியும்."

எல்லாம் தெரியும் என்பதை நான் ஆறுதலாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மூச்சு வரைக்கும் ஏறிவிட்டது. ஐ.சி.யூ.வில் (தீவிர சிகிச்சைப் பிரிவு) வெண்டிலேட்டர் (செயற்கையாக மூச்சு கொடுக்கும் இயந்திரம்) வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து அங்கே மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி படுக்கைக்குப் படுக்கை பரவிக்கொண்டிருந்தது. பார்வையாளர் யாருக்கும் அனுமதி இல்லை என்று கதவில் ஒட்டிவிட்டார்கள். நோயாளிக்கு ஒரு உறவினர், ஒரே ஒரு போன் நம்பர். தினமும் சாயங்காலம் டாக்டர் அந்த நம்பருக்குத்தான் பேசுவார். இடையில் முடிந்தபோது நர்ஸ் வீடியோவில் முகத்தைக் காட்டுவார். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். உள்ளே படுத்திருக்கிற இன்னொருத்தி புருஷனுக்கு என் புடவையில் ஒட்டிக்கொண்டு கிருமி போனால் பரவாயில்லையா என்று டாக்டர் கேட்டார். நான் வராந்தாவுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

எந்த நம்பரைக் கொடுப்பது என்று வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கம் பெரிய காரியம் என்றால் வீட்டு மாப்பிள்ளைதான் முன்னால் நிற்பார். என் நாத்தனாரின் கணவர் கோவிந்தராஜ், என் வீட்டுக்காரருக்குப் பாவா. எனக்கு அண்ணன் முறை. ஊரே பாவா என்று கூப்பிடுவதால் இங்கே நானும் பாவா என்றே எழுதுகிறேன். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் பேசுவார், எவரிடமும் கூச்சப்பட மாட்டார். நம்பர் அவருடையது என்று ஆனது, அவரும் நாத்தனாரும் எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினார்கள்.

பாவா தங்கமான மனுஷன். அதுதான் பிரச்சினையே. டாக்டர் சொன்னது அவர் காதில் ஒரு மாதிரி நுழையும், வாயில் வேறு மாதிரி வெளியே வரும். "கவலைக்கிடம்" என்பது "கொஞ்சம் டைம் எடுக்கும்" ஆகும். "நுரையீரலில் தொற்று" என்பது "லேசா சளி" ஆகும். என் நாத்தனாருக்கு ஒரு சேதி, எனக்கு ஒன்று, மாமியாருக்கு இன்னொன்று. மூன்று பேரும் சமையற்கட்டில் உட்கார்ந்து பேசினால் மூன்று ஆளைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாவா போனில் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டுச் சிரித்த முகமாக வந்தார்.

"ஒண்ணும் இல்ல சகுந்தலா, டியூப் மாத்தறாங்களாம். சின்ன வேல."

"கழுத்துல ஓட்ட போடறதாண்ணா சின்ன வேல?"

அவர் முகம் செத்துப்போனது. "உனுக்கு எப்டி கேட்டுச்சி?"

"கேக்கல. பாத்தேன்."

"அட ராமா, உங்க வூட்ல ஒரு பொய்கூட சொல்ல முடியாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன்.

டிரக்கியாஸ்டமி (தொண்டையில் துளையிட்டு, அதன் வழியாக மூச்சுக்குழாய் வைப்பது) செய்த பிறகு வாயிலிருந்த குழாய் போய்விட்டது. குரல் வராது, ஆனால் உதடு விடுதலையாகிவிட்டது. கை, கால், கழுத்து எதுவும் அசையாத மனுஷனுக்கு முகத்தை மட்டும் நோய் மிச்சம் வைத்திருந்தது. முதல் வீடியோ அழைப்பில் போனைப் பிடித்திருந்தது வெங்கடேசு என்ற ஆண் நர்ஸ். நகரிப் பக்கம். பிரதர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். "ஏதோ சொல்லப் பார்க்கறார், எங்களுக்குப் புரியலக்கா" என்றார். எனக்குப் புரிந்தது. "முதுகு அரிக்குது" என்றார் என் வீட்டுக்காரர். பிரதரிடம் சொன்னேன், சொறிந்துவிட்டார். அத்தனை நாளில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது. எந்தக் கல்யாணப் பேச்சும் அத்தனை சந்தோஷம் கொடுத்ததில்லை.

அடுத்து, "அம்மா எங்க?" என்றார். மாமியாரை இழுத்து வந்து போன் முன்னால் நிறுத்தினேன். கிழவிக்குச் செல்போனில் எங்கே பார்ப்பது என்று தெரியாது, கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமியார் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன், குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

ஒரே பிள்ளை ஐ.சி.யூ.வில். பங்காளி வீட்டுச் சேகர் கொள்ளி வைத்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் பாவா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "முனிக்குச் சொல்லக்கூடாது. டாக்டரே கண்டிப்பா சொல்லிட்டாங்க. சொன்னா மூச்சு நின்னுடுமாம்." டாக்டரே சொன்ன பிறகு நாங்கள் என்ன பேச முடியும்? வாயை மூடிக்கொண்டோம்.

அதற்குப் பின்னும் அழைப்புகள் வந்தன. "அம்மா எங்க?" என்பார். கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்போம். அடுத்த தடவை, தூங்குகிறார்கள். அதற்கடுத்த தடவையும் தூங்கினார்கள். நடை தளர்ந்த அம்மா எந்தக் கோயிலுக்குப் போவாள் என்று அவர் கேட்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருமாதிக்கு முந்தைய வாரம். போனை நூல் பெட்டிமேல் சாய்த்து வைத்து பாவா, நாத்தனார், நான் மூவரும் எதிரில் உட்கார்ந்திருந்தோம். தறி ஓடவில்லை. அவர் மறுபடியும் "அம்மா?" என்றார்.

"சித்த இரு நைனா, டவர் இல்ல" என்று சொல்லிவிட்டு பாவா திரையில் எதையோ அழுத்தினார். எங்கள் பக்கத்துச் சத்தம் போகாமல் நிறுத்துவது அது. "இப்ப அவனுக்குக் கேக்காது. இன்னா சொல்றதுன்னு சீக்கிரம் சொல்லுங்க."

"எத்தினி நாளைக்குத் தூங்கறாங்கன்னு சொல்லிகினு இருக்கறது?" என்றார் நாத்தனார். "ஞாயித்துக்கெழம அம்மாவுக்குக் கருமாதி. செத்தவங்கள கோயிலுக்கு அனுப்பிகினு இருந்தா பாவம் இல்லியா?"

"சொல்லிடலாம் அண்ணி" என்றேன்.

"வாய மூடு. அம்மா செத்துட்டாங்கன்னு தெரிஞ்சா அவனும் போயிடுவான்" என்றார் பாவா.

பிறகு மறுபடியும் அழுத்திச் சத்தத்தைத் திறந்துவிட்டு, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "அம்மா தூங்குதுடா முனி" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். அவர் கண் நிறைந்திருந்தது.

சத்தத்தை நிறுத்திவிட்டால் மறைத்தாகிவிட்டது என்று நினைத்திருக்கிறோம். யாரிடம்? பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் உதடு பார்த்தே வளர்ந்தவரிடம். பாவா ரயில்வேக்காரர், அவரை விடுங்கள். அண்ணி அந்த வீட்டில் பிறந்தவர், நான் அங்கே வாழ்கிறவள். இரண்டு பேரும் முகத்தை நேராக அவருக்குக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் திருத்தமாகச் சொல்லியிருக்கிறோம்.

அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்க அவருக்குக் கை இல்லை. உறை போட்ட கை ஒன்று வந்து துடைத்தது, பிரதருடையது. "எரிச்சிட்டீங்களா?" என்று உதடு கேட்டது. எனக்கும் அண்ணிக்கும் புரிந்தது. பாவா மட்டும் "இன்னாடா, இன்னா வேணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு திறக்கவில்லை. அழைப்பு வந்தால் மூடிய இமைதான் தெரியும். டாக்டர், நர்ஸ் யார் கூப்பிட்டாலும் அப்படித்தான். வீனிங் (இயந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நோயாளியைத் தானாக மூச்சுவிடப் பழக்குவது) தொடங்கியிருந்தார்கள். அது நின்றுபோனது. மூச்சை இழுக்கச் சொன்னால் இழுப்பதில்லை, உடம்புக்கு முடியாமல் இல்லை, மனசு இல்லாமல் என்றார்கள். இப்படியே போனால் நுரையீரல் தாங்காது, அந்தக் கிருமியும் பக்கத்துப் படுக்கை வரை வந்துவிட்டது என்றார்கள். இதையும் பாவா என்னிடம் "கொஞ்சம் சோர்வா கீறான்" என்றுதான் சொன்னார்.

அன்றைக்கே நான் பஸ் ஏறினேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம். திருத்தணி முழுக்க மஞ்சள் துணியும் காவடியும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளும். அவர்களை இடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நான் அப்படிச் சொல்லலம்மா. சொல்லித்தான் ஆகணும், நாங்க பக்கத்துல இருக்கறப்ப சொல்லுங்க, கண்ணாடி வழியா வேணா நின்னு பேசுங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். மறைச்சா அப்புறம் நாங்க எது சொன்னாலும் நம்ப மாட்டார்னும் சொன்னேன்."

பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த பாவாவை வாய்க்கு வந்தபடி பேசினேன். அண்ணன் முறை, மாப்பிள்ளை மரியாதை ஒன்றும் பார்க்கவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "ரயில்வேல எத்தினி வூட்டுக்குப் போயி சாவு சேதி சொல்லிகீறேன் சகுந்தலா. இவனுக்குச் சொல்ல என் வாய்ல வர்ல" என்றார். அந்த மனுஷன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அவர் தோளில் கை வைத்தேன். அன்றைக்கே நம்பரை மாற்றி என்னுடையதைக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி உள்ளே படுத்திருந்தால், கண்டிப்பாக இன்னொரு ஆளும் டாக்டர் பேசுவதைக் கேளுங்கள். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். ஒரே வாய் வழியாக வருகிற சேதி, அந்த வாய் எவ்வளவு நல்ல வாயாக இருந்தாலும், பாதி வழியில் மாறிவிடுகிறது.

ஐ.சி.யூ. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. பிரதர் படுக்கையைத் திருப்பி வைத்தார். டாக்டர் தலைமாட்டில் நின்றார். "உங்க வீட்டம்மா வந்திருக்காங்க" என்று சொல்லியிருப்பார்கள். இவர் கண் திறக்கவில்லை. நான் விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் திறந்தார்.

குரலே எழுப்பாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை என்றேன். நூல் சுற்றிக்கொண்டிருந்ததை, தண்ணீர் குடித்ததை, டம்ளரை வைத்ததை. வேதனைப்படவில்லை என்றேன். அது உண்மை, அதனால் சொல்ல முடிந்தது.

"யாரு கொள்ளி?"

"சேகரு."

கண்ணை மூடினார். நான் பயந்துபோனேன். மறுபடியும் திறந்தார். "எப்ப கருமாதி?"

"நாளைக்கு."

"என் மீசைய எடுக்கச் சொல்லு."

அம்மா போனால் பிள்ளை கருமாதியன்று மீசையும் தலையும் எடுக்க வேண்டும். தலை வேண்டாம், தலையணையில் உரசிப் புண்ணாகும் என்றார் டாக்டர். மீசைக்குச் சரி என்றார். பிரதரிடம் ரேசர் கொடுத்தேன்.

"வேண்டுதலா அக்கா?" என்று கேட்டார். ஊரே மொட்டை போட்டுக்கொண்டிருந்த நாள், அவர் கேட்டதில் தப்பில்லை.

"இல்ல பிரதர். சாவுக்கு."

மறுநாள் கருமாதிக்காக எல்லாரும் ஏரிக்கரையில் இருந்தார்கள். நான் கண்ணாடி முன்னால் நின்றேன். பிரதர் வெந்நீரில் பஞ்சை நனைத்து, தொண்டைக் குழாயில் முடி விழாமல் துணி போட்டு மூடி, மெதுவாக வழித்தார். முடித்துவிட்டு நகர்ந்தார். மீசை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. அப்படியே என் மாமியாரின் முகம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவர் என்னைப் பார்த்து "போதும், போ, சாப்டு" என்றார்.

அதற்குப் பின் மூச்சை இழுத்தார். சினிமாவில் வருவதுபோல ஒன்றும் நடக்கவில்லை. கிருமி அவருக்கும் வந்தது. ஒருமுறை பிழைக்க மாட்டார் என்று டாக்டர் என்னிடமே நேராகச் சொன்னார். அந்த வார்த்தையை அப்படியே வீட்டில் போய்ச் சொன்னேன். பக்கத்துப் படுக்கைக்காரர் செத்துப்போனார், அது தெரியாமல் அவர் மனைவி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு போன் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களவர் பிழைத்தார். ஆனியில் போன உடம்பு பொங்கலுக்குச் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தது.

இப்போது கை கொஞ்சம் வருகிறது. டம்ளரைப் பிடிப்பார். முடிச்சு வரவில்லை. தொண்டைத் துளை மூடிவிட்டது, குரல் கரகரப்பாகத் திரும்பிவிட்டது. மீசை வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத் திதி வந்தபோது ஐயர் சொன்ன நாளில் எல்லாம் செய்தோம். அதற்கப்புறம் ஒருநாள் அவர் காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்தார். முந்தின வருஷம் பாவா போனில் சத்தத்தை நிறுத்திய அதே நாள் அது. "எனுக்கு அம்மா செத்தது இன்னிக்குதான்" என்றார்.

இன்னொரு மாற்றம். யார் பேசினாலும் அவர் காதால் கேட்பதில்லை. வாயைப் பார்க்கிறார். எதிரில் இருப்பவர் தலையைத் திருப்பினால் அவர் சொன்னதை நம்புவதில்லை.

போன மாதம் நரம்புகளில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். முடிவைச் சொல்ல டாக்டர் என் நம்பருக்குக் கூப்பிட்டார். அப்போது கரண்ட் இல்லை. நான்கு தறியும் நின்று வீடு நிசப்தமாக இருந்தது. பேசி முடித்து போனை வைத்தேன். அவர் தறி ஓரமாக நாற்காலியில் இருந்தார். இவ்வளவு தூரம் பேசுகிற நானே என்ன செய்தேன் தெரியுமா? முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "பரவால்லன்னு சொல்றாங்க, இன்னும் கொஞ்ச நாள்ல..." என்று சத்தமாக ஆரம்பித்தேன்.

"சத்தமில்லாம சொல்லு சகு" என்றார்.

நிறுத்தினேன். எதிரில் போய் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். வாயை மட்டும் அசைத்தேன். "இதுக்கு மேல காலு வராதாம்."

கடைசி எழுத்து வரைக்கும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆங்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. தறியைப் போடச் சொன்னார்.